ஒரே பேரிங்குக்கு ஐந்து பெயர்: பல ஆலைகளின் மாஸ்டர் டேட்டாவை ஒன்றாக்குவது என்றால் என்ன?

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தின் ஓசூர் ஆலையில், இரவு பதினொரு மணிக்கு ஒரு கூலிங் டவர் மோட்டார் நின்றுவிட்டது. பேரிங் போய்விட்டது. சாதாரண 6205 பேரிங்தான், எந்த ஊர்க் கடைவீதியிலும் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? சிஸ்டத்தில் பார்த்தால் இருப்பு பூஜ்யம். காலை வரை லைன் நின்றது. கடை திறந்ததும் ஆளை அனுப்பி வாங்கி மாட்டினோம். இரண்டு வாரம் கழித்து ஸ்டோரில் இருப்பு எண்ணும்போது, மூன்று ரேக் தள்ளி, உறை பிரிக்காத நான்கு 6205 பேரிங் உட்கார்ந்திருந்தது. கோவை ஆலையிலிருந்து ஒரு மெஷினை ஓசூருக்கு மாற்றியபோது அதன் உதிரி பாகங்களோடு வந்தவை. கோவையில் வைத்த பெயரும் எண்ணும் அப்படியே கூடவே வந்திருந்தன, அதனால் நாங்கள் தேடிய பெயரில் அவை வரவே இல்லை.

இத்தனைக்கும் இரண்டு ஆலையும் ஒரே ஈஆர்பியில்தான் ஓடின. ஈஆர்பி என்பது கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிந்து நடத்தும் மென்பொருள். எஸ்ஏபி, ஆரக்கிள் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே மென்பொருள், ஒரே சர்வர். அப்படியும் எங்கள் கையில் இருந்த பொருள் எங்களுக்கே தெரியவில்லை.

"மாஸ்டர் டேட்டாவை ஸ்டாண்டர்டைஸ் பண்ணணும்" என்று எல்லா நிறுவனக் கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் ஒருவர் மனதில் அது எக்செல் ஷீட்டைச் சுத்தம் செய்வது, இன்னொருவர் மனதில் புது மென்பொருள் வாங்குவது, ஆலை மேலாளர் மனதில் தலைமை அலுவலகம் தன் கையைக் கட்டிப்போடுவது. மூன்று பேரும் மூன்று விஷயத்துக்குச் சம்மதித்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழப்பத்தை முடிந்த அளவு எளிதாகப் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாஸ்டர் டேட்டா என்றால் எது?

தெருமுனை மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். "மாடி வீட்டு அக்கா, துவரம் பருப்பு 2 கிலோ" என்று கடைக்காரர் கடன் நோட்டில் இன்றைக்கு ஒரு வரி எழுதுகிறார். அந்த வரி ஒரு நடவடிக்கை. நாளைக்கு வேறு வரி வரும். ஆனால் மாடி வீட்டு அக்கா யார், துவரம் பருப்பு என்பது எந்தப் பருப்பு, அதை கிலோவில் விற்கிறோமா படியில் விற்கிறோமா, கிலோ என்ன விலை என்பதெல்லாம் அந்த வரிக்குப் பின்னால் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் அதைத் தலையில் வைத்திருக்கிறார். ஈஆர்பி அதை ஒரு பதிவாக வைத்திருக்கிறது. ஒரு முறை எழுதி வைத்து, ஒவ்வொரு நடவடிக்கையிலும் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் அந்த அடிப்படை விவரம்தான் மாஸ்டர் டேட்டா.

நிறுவனத்தில் பெரும்பாலும் நான்கு வகை: பொருள், விற்பனையாளர், வாடிக்கையாளர், கணக்குத் தலைப்பு. இதில் பொருளும் விற்பனையாளரும்தான் அதிகம் வலிப்பவை, அதனால் அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

கடைக்காரர் ஒருவராக இருக்கும்வரை பிரச்சனையே கிடையாது. அவர் தம்பி அடுத்த ஊரில் இன்னொரு கடை போட்டு, இருவரும் ஒரே நோட்டில் எழுத ஆரம்பித்தால்தான் விஷயம் தொடங்குகிறது.

பூசணிக்காயும் மூட்டையும்

சென்னைப் பக்கம் "பரங்கிக்காய்" என்றால் மஞ்சளாக இருப்பது, "பூசணிக்காய்" என்றால் வெள்ளையாக, திருஷ்டிக்கு உடைப்பது. வேறு பல மாவட்டங்களில் மஞ்சளாக இருப்பதையே பூசணிக்காய் என்பார்கள். அந்த வெள்ளைக் காய்க்குத் திருநெல்வேலிப் பக்கம் தடியங்காய் என்று பெயர். இரண்டு ஊர்க் கடையும் ஒரே நோட்டில் "பூசணி 10 கிலோ" என்று எழுதினால், எழுத்து ஒன்று, காய் வேறு. சென்னைக்காரர் "பரங்கி" என்றும் மற்றவர் "பூசணி" என்றும் எழுதினால், காய் ஒன்று, எழுத்து வேறு. பல ஆலை உள்ள நிறுவனத்தில் வரும் பெயர்க் குழப்பங்கள் எல்லாம் இந்த இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது அளவு. "ஒரு மூட்டை அரிசி" என்றால் எவ்வளவு? 25 கிலோ மூட்டை உண்டு, 50 கிலோ உண்டு, 75 கிலோவும் உண்டு. 2022 ஜூலையில், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், பல அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. ஆக, கடைக்காரர் நோட்டில் "மூட்டை" என்ற சொல் மாறவே இல்லை, அதற்குள் இருக்கும் எடை மாறிவிட்டது. "10 மூட்டை இருப்பு" என்ற வரியை வைத்து எத்தனை கிலோ இருக்கிறது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பெயர் ஒன்றாக இருப்பதாலோ வேறாக இருப்பதாலோ பொருள் ஒன்றா வேறா என்று தெரியாது, அளவுச் சொல் ஒன்றாக இருப்பதால் அளவு ஒன்று என்றும் ஆகாது.

ஒரே மென்பொருள் போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. இதுதான் மிகப் பரவலான தவறான நம்பிக்கை, பல கோடி செலவு செய்த பிறகுதான் இது தெரியவருகிறது.

அந்த 6205 பேரிங்குக்கே வருகிறேன். பின்னால் நாங்கள் உட்கார்ந்து தேடியபோது எங்கள் சிஸ்டத்தில் அது இப்படியெல்லாம் இருந்தது. கோவையில் "பேரிங் 6205 இசட்இசட்". ஓசூரில் "பால் பேரிங் 6205-2இசட்". ராணிப்பேட்டையில் "பிஆர்ஜி 25x52x15". புனேயில் "6205 ஷீல்டட்". திரும்பவும் ஓசூரிலேயே, வேறு யாரோ திறந்து வைத்த "கூலிங் டவர் மோட்டார் பேரிங்". ஐந்து எண், ஐந்து இருப்பு, ஐந்து விலை.

இதில் யாரும் தவறாக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கோவைக்காரர் என்எஸ்கே என்ற பேரிங் நிறுவனத்தின் உறையைப் பார்த்து எழுதினார். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு மூடிய பேரிங்கை அந்த நிறுவனம் இசட்இசட் என்று குறிக்கும். ஓசூர்க்காரர் எஸ்கேஎஃப் என்ற இன்னொரு பேரிங் நிறுவனத்தின் உறையைப் பார்த்தார்; அதே அமைப்பை அவர்கள் 2இசட் என்று போடுவார்கள். ராணிப்பேட்டையில் இருந்தவர் ஸ்லைடு காலிபரை வைத்து அளந்து எழுதியிருக்கிறார்: உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. 6205-ல் கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் 25 வரும், அதுதான் உள்விட்டம். ஃபிட்டர்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். கடைசி ஆள் அது எங்கே மாட்டப்படுகிறது என்பதைப் பெயராக்கிவிட்டார்.

ஐந்து பேரும் உண்மையைத்தான் எழுதினார்கள். எந்த உண்மையை, எந்த வரிசையில் எழுதுவது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மென்பொருளுக்கு இது ஐந்து வெவ்வேறு எழுத்துக் கோர்வை. ஐந்தும் ஒன்று என்று கண்டுபிடிக்க அதற்கு எந்த வழியும் இல்லை. ஒரே பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களில் பதிவாகியிருப்பதை டூப்ளிகேட் என்பார்கள். ஈஆர்பி அதே எண்ணை இரண்டாம் முறை திறக்க விடாது. அதே பொருளை இரண்டாம் எண்ணில் திறப்பதை அது தானாகத் தடுக்காது.

ஒன்றாக்குவதில் இருக்கும் எதிர்ப்பக்க ஆபத்து

டூப்ளிகேட் என்றால் கெட்டது என்று தெரிந்ததும், ஆர்வத்தில் 6205 என்று ஆரம்பிக்கும் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சேர்த்துவிடுவார்கள். அது இன்னும் மோசம்.

6205-2ஆர்எஸ் என்று ஒன்று உண்டு. அளவு அதே 25, 52, 15. ஆனால் இரு பக்கமும் இரும்புத் தகட்டுக்குப் பதில் ரப்பர் சீல். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் அது நன்றாகத் தடுக்கும், ஆனால் சீல் உரசும் வகையாக இருந்தால் தகடு போட்டதன் அளவுக்கு வேகம் தாங்காது. அப்புறம் பெயரின் பின்னால் சி3 என்று வரும். உள்ளே உருண்டைகளுக்கு இருக்கும் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்று அர்த்தம், சூடேறும் மோட்டார்களில் அதைத்தான் கேட்பார்கள். கையில் வைத்துப் பார்த்தால் சி3-க்கும் சாதாரணத்துக்கும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரே ரேக்கில் ஒரே எண்ணில் இரண்டையும் கலந்து வைத்தால், தப்பான பேரிங் தப்பான மோட்டாருக்குப் போய், சீக்கிரமே தேய்ந்து, ஏன் என்று யாருக்கும் புரியாமல் இன்னொரு பேரிங் வாங்குவார்கள்.

அதனால் இந்த வேலையின் நடுநாயகமான கேள்வி இதுதான்: எந்த வித்தியாசம் இருந்தால் நாம் இதை வேறு பொருள் என்று சொல்வோம்? பேரிங்குக்கு வகை, அடிப்படை எண், மூடி, இடைவெளி என்ற நான்கும் பொருந்தினால் ஒன்று. பிராண்டு வேறாக இருந்தால் பரவாயில்லை. வேறு ஏதாவது ஒரு பொருளுக்குப் பிராண்டும் முக்கியமாக இருக்கலாம். இதைச் சொல்லத் தெரிந்தவர் கணினித் துறையில் இல்லை. பராமரிப்புப் பிரிவில் கையில் கிரீஸோடு நிற்கிறார். அவரைக் கூட்டி வந்து உட்கார வைக்காமல் நடக்கும் எந்த ஸ்டாண்டர்டைசேஷன் வேலையும் உருப்படாது என்பது என் உறுதியான கருத்து.

முடிவு எடுத்த பிறகு அதை ஒரு வார்ப்பாக எழுதி வைப்பார்கள்: முதலில் பொருளின் பெயர், பிறகு வகை, பிறகு எந்தெந்தக் குணம் எந்த வரிசையில். "பேரிங், பால், 6205, தகடு இருபுறம், சி3" என்று. இதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். பிராண்டுகளின் பார்ட் நம்பர்கள் அதே பதிவில் துணை விவரமாக இருக்கும், பெயருக்குள் வராது. டெம்ப்ளேட் கையில் இருந்தால், நான்கு ஆலையில் நான்கு பேர் தனித்தனியாக எழுதினாலும் ஒரே வரிதான் வரும்.

சுருக்கமாக: ஒரே பொருளைப் பிரித்து வைப்பதும் தவறு, வேறு பொருளைச் சேர்த்து வைப்பதும் தவறு. எது எது என்று முடிவெடுக்கும் விதியை எழுதி வைப்பதுதான் ஸ்டாண்டர்டைசேஷனின் முதல் பாதி.

எல்லா ஆலையும் ஒரே மாதிரி ஆக வேண்டுமா?

ஆலை மேலாளர்கள் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் பதில்: வேண்டாம்.

நான்கு கிளை உள்ள ஓர் ஓட்டலை நினைத்துப் பாருங்கள். சாம்பார் எல்லாக் கிளையிலும் ஒரே ருசியாக இருக்க வேண்டும், அதனால் எந்தப் பருப்பு, எந்தப் பொடி என்பது பொது. ஆனால் பேருந்து நிலையத்துக் கிளைக்கு தினம் எத்தனை கிலோ பருப்பு வேண்டும், யாரிடம் வாங்குவது, எத்தனை நாளுக்கு இருப்பு வைப்பது என்பதைத் தலைமைக் கிளை முடிவு செய்தால் எல்லாம் குளறுபடி ஆகிவிடும்.

ஈஆர்பியும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எஸ்ஏபியில் ஒரு பொருளின் பெயர், அடிப்படை அளவு, பொருள் குழு போன்றவை முழு நிறுவனத்துக்கும் ஒரு முறைதான் பதிவாகும். அதன்மேல் ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனிப் பக்கம் திறந்து, இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் வாங்குவது, வாங்க எத்தனை நாள் ஆகும், எந்தக் கொள்முதல் குழு என்பதை அந்தந்த ஆலை எழுதிக்கொள்ளும். ஆரக்கிளில் மாஸ்டர் ஆர்கனைசேஷன் என்ற ஒன்றில் பொருளை முதலில் திறந்து, பிறகு ஆலைகளுக்கு ஒதுக்குவார்கள். எந்த விவரம் மாஸ்டரிலேயே பூட்டியிருக்கும், எதை ஆலை மாற்றலாம் என்று விவரம் விவரமாக முடிவு செய்யலாம்.

40 மோட்டார் ஓடும் ஓசூரில் 6205 பேரிங் எப்போதும் ஆறு வேண்டும். மூன்று மோட்டார் உள்ள ராணிப்பேட்டையில் ஒன்று போதும். அந்தப் பொருள் என்ன என்பது பொது அடுக்கு. அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது ஆலை அடுக்கு. இந்தக் கோட்டை முதல் கூட்டத்திலேயே பலகையில் போட்டுக் காட்டினால் பாதிச் சண்டை அன்றைக்கே முடிந்துவிடும். தலைமை அலுவலகம் ஆலை அடுக்கில் கை வைக்கும்போதும், ஆலை பொது அடுக்கில் கை வைக்கும்போதும்தான் மீதிச் சண்டை.

வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஹெச்எஸ்என் எண்ணும் பொது அடுக்குதான். பால் பேரிங்குக்கு 8482-ல் ஆரம்பிக்கும் எண். ஒரு ஆலை சரியாகவும் இன்னொன்று ஏதோ மெஷின் பாகம் என்றும் போட்டால், ஒரே நிறுவனத்தின் கணக்கிலேயே ஒரே பொருளுக்கு இரண்டு வகைப்பாடு வந்துவிடும். வரி தொடர்பான எதையும் ஆலையின் விருப்பத்துக்கு விட வேண்டாம்.

அளவில்தான் பணம் ஒழுகும்

பெயர்க் குழப்பம் எரிச்சல் தரும். அளவுக் குழப்பம் நேராகக் கணக்கில் இறங்கும்.

ஹைட்ராலிக் ஆயிலை ஒரு ஆலை லிட்டரிலும் இன்னொரு ஆலை பேரல் கணக்கிலும் வைத்திருந்தது. ஒரு பேரல் 210 லிட்டர். இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தபோது பொது அளவாக லிட்டரைத் தேர்ந்தெடுத்தோம், அது சரியான முடிவுதான். ஆனால் இருப்பை மாற்றிய கோப்பில் 4 பேரல் என்பது 4 லிட்டராக ஏறிவிட்டது. ஸ்டோரில் 840 லிட்டர் ஆயில் நிற்கிறது, சிஸ்டம் 4 லிட்டர்தான் இருக்கிறது என்று நினைத்து அன்று ராத்திரியே கொள்முதல் கோரிக்கை போட்டது. காலையில் ஸ்டோர்காரர் "இவ்வளவு ஆயில் எதுக்கு சார்?" என்று போன் செய்ததால் பிழைத்தோம்.

இதற்கு வழி எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு அடிப்படை அளவு. இருப்பு அதில்தான் கணக்காகும். பேரலாக வாங்கலாம், பெட்டியாக வாங்கலாம், ஆனால் ஒரு பேரலுக்கு எத்தனை லிட்டர் என்ற மாற்றுவிகிதம் அதே பதிவில் இருக்க வேண்டும். கட்டு, சுருள், மூட்டை, செட் போன்றவற்றை அடிப்படை அளவாக வைக்கவே கூடாது. 90 மீட்டர் வயர் சுருளும் 200 மீட்டர் சுருளும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன, இரண்டுமே "1 சுருள்"தான். இரும்புக் கம்பியை எடையில் வாங்கி எண்ணிக்கையில் கொடுப்பார்கள்; அங்கே மி.மீ.-ல் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 0.89 கிலோ. அந்தக் கணக்கு ஸ்டோர்காரர் தலையில் இருக்கிறது. பதிவிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று: பரிவர்த்தனை நடந்துவிட்ட பொருளின் அடிப்படை அளவைப் பின்னால் மாற்றுவது எஸ்ஏபியில் பெரும்பாடு. இருப்பைக் காலி செய்து, நிலுவையில் உள்ள ஆர்டர்களை முடித்து, பிறகுதான் மாற்ற முடியும். அதனால் திறக்கும்போதே ஒரு நிமிடம் கூடுதலாக யோசியுங்கள்.

எண்ணுக்குள் கதை எழுதாதீர்கள்

பொருள் எண் எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தால், எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: முதல் இரண்டு இலக்கம் ஆலை, அடுத்த மூன்று குழு, அடுத்தது அளவு... பார்த்ததும் என்ன பொருள் என்று தெரிய வேண்டுமாம்.

வண்டி எண்ணையும் ஆதார் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிஎன் 58 என்றால் மதுரை. ஆனால் அந்த வண்டியை விற்று, அது பத்து வருடமாகச் சேலத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் பலகை மதுரை என்றுதான் சொல்லும். ஆதாரின் 12 இலக்கத்தில் ஊரும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை, நீங்கள் எங்கே குடிபோனாலும் அது உங்களையே குறிக்கும். பல ஆலைக்குப் பொதுவான பொருளுக்கு ஆதார் மாதிரி எண்தான் வேண்டும். எண்ணுக்குள் ஆலையை வைத்த அன்றைக்கே, அந்தப் பொருளை இன்னொரு ஆலை தன்னுடையது என்று நினைக்காது. தனக்கென்று இன்னொரு எண் திறக்கும். எங்கள் ஓசூர் ஸ்டோரில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டது அமெரிக்க ராணுவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரே பொருளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்ததால், ஒரு பிரிவு தட்டுப்பாட்டில் தவித்தபோது இன்னொரு பிரிவின் கிடங்கில் அதே பொருள் மிஞ்சிக் கிடந்தது. 1952-ல் சட்டமே போட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலுக்குக் கொண்டுவந்தார்கள். நேட்டோ நாடுகள் இன்று பயன்படுத்தும் 13 இலக்க எண் அதன் வழியில் வந்ததுதான். முதல் நான்கு இலக்கம் வகுப்பு, பேரிங்குகளுக்கு 3110. அடுத்த இரண்டு, எண்ணைக் கொடுத்த நாடு. கடைசி ஏழு வெறும் வரிசை எண். பொருளை அடையாளம் காட்டுவது கடைசி ஒன்பது இலக்கம். வகுப்பைப் பின்னால் திருத்தினாலும் அந்த ஒன்பது மாறாது. பொருளின் குணங்கள் எண்ணுக்குள் இல்லை, பதிவுக்குள் இருக்கின்றன.

விற்பனையாளருக்கு ஒரு நல்ல சாவி

பொருளைவிட விற்பனையாளர் விஷயம் இந்தியாவில் சுலபம், காரணம் ஜிஎஸ்டி எண்ணே ஒரு சாவியைக் கொடுத்துவிடுகிறது. 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27. அடுத்த பத்து எழுத்து அந்த நிறுவனத்தின் பான், அதாவது வருமான வரி எண். ஆக மூன்று மாநிலத்தில் கிளை உள்ள ஒரே விற்பனையாளருக்கு மூன்று ஜிஎஸ்டி எண் இருக்கும், நடுவில் உள்ள பத்து எழுத்து ஒன்றாகவே இருக்கும். நம் ஓசூர், பெங்களூரு, புனே ஆலைகள் மூன்றும் அவரைத் தனித்தனியாகத் திறந்து வைத்திருந்தால், பான் எண்ணை வைத்து வரிசைப்படுத்திய பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறுவனம் என்ற ஒரே பதிவு, அதன் கீழ் மூன்று முகவரி, மூன்று ஜிஎஸ்டி எண்.

இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம், ஒரே விற்பனையாளரிடம் ஒரு நிதியாண்டில் 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால் மேற்படும் தொகையில் 0.1 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டும் என்ற விதி 2021 ஜூலையில் வந்தது. மூன்று ஆலையும் மூன்று பதிவில் தலா 20 லட்சத்துக்கு வாங்கினால், எந்தப் பதிவும் வரம்பைத் தொட்டதாகக் காட்டாது. உண்மையில் 60 லட்சம் ஆகியிருக்கும். விலை பேசும்போதும் இதே கதைதான்: மூன்று சின்ன வாடிக்கையாளராகப் போய் நிற்கிறோம், ஒரு பெரிய வாடிக்கையாளராகப் போயிருக்கலாம்.

பழசை எப்படி ஒன்றாக்குவது?

எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் வாங்கியோ, பயன்படுத்தியோ, இருப்பிலோ உள்ளவற்றை மட்டும் எடுங்கள். மற்றவை தூங்கட்டும், பிளாக் செய்துவிடலாம்.

எடுத்தவற்றில் முதலில் தயாரிப்பாளரின் பார்ட் நம்பரை வைத்துப் பொருத்திப் பாருங்கள், இடைவெளி, கோடு, புள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு. பெயரை வைத்துத் தேடுவதைவிட இது பல மடங்கு நம்பகமானது. சந்தேகம் வந்தால் கணினி முன் உட்கார்ந்து வாதம் செய்யாதீர்கள், ரேக்குக்குப் போய் உறையைப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் மூன்று நாள் இழுத்த விவாதம் ரேக் முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தும் ஒன்று என்று உறுதியானால், டெம்ப்ளேட்படி ஒரே சரியான பதிவை உருவாக்கி மற்ற நான்கையும் அதற்குச் சுட்ட வேண்டும். அந்தச் சரியான பதிவை கோல்டன் ரெக்கார்டு என்பார்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய ஆர்டர், பழைய டிராயிங், ரேக்கில் ஒட்டிய சீட்டு எல்லாவற்றிலும் பழைய எண் இருக்கும், வருடக்கணக்கில் இருக்கும். பழைய எண்ணை அழிக்கவும் வேண்டாம், அதில் நடந்த கணக்கு ஆடிட்டருக்கு வேண்டும். புதிதாக வாங்க முடியாதபடி பிளாக் செய்து, இருப்பைப் புது எண்ணுக்கு மாற்றினால் போதும். ரேக் சீட்டையும் அன்றைக்கே மாற்றுங்கள். சிஸ்டத்தில் எல்லாம் மாறி ரேக்கில் மாறவில்லை என்றால் ராத்திரி ஷிப்ட்காரருக்கு எதுவுமே மாறவில்லை.

வாசலில் யார் நிற்கிறார்?

இப்போது ஒன்றாக்கிவிட்டோம். ஒரு வருடத்தில் திரும்பவும் குப்பை சேருமா? வாசலைக் கவனிக்காவிட்டால் நிச்சயம் சேரும்.

புதுப் பொருள் திறக்கும் உரிமையை ஆலைகளிலிருந்து எடுத்து ஒரு சின்னக் குழுவிடம் கொடுப்பார்கள். அந்தக் குழுவில் உள்ளவருக்கு டேட்டா ஸ்டூவர்டு என்று பெயர். பதிவுகள் விதிப்படி இருக்கின்றனவா என்பதற்குப் பொறுப்பு அவர்தான். ஆலையிலிருந்து கோரிக்கை வரும், அவர் முதலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவார், இல்லாவிட்டால் டெம்ப்ளேட்படி திறப்பார்.

இங்கேதான் பல நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன. ஐந்து பேரிடம் அனுமதி, ஒரு வாரக் காத்திருப்பு என்று வைத்துவிடுவார்கள். ராத்திரி லைன் நின்றால் பராமரிப்பு ஆள் ஒரு வாரம் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. "இதர உதிரி பாகம்" என்ற ஒரு பொது எண்ணில் வாங்கிவிடுவார். மூன்று மாதத்தில் அந்த ஒரே எண்ணுக்குள் பேரிங்கும் பெல்ட்டும் வால்வும் நிரம்பி வழியும், முன்பு ஐந்து பெயரில் இருந்தது இப்போது பெயரே இல்லாமல் போய்விடும். எங்கள் குழுவில் நான் கேட்டு வாங்கிய ஒரே விதி இது: முழு விவரத்தோடு வந்த கோரிக்கைக்கு அதே வேலை நாளில் எண் கொடுக்க வேண்டும், அவசரம் என்றால் ஒரு மணி நேரத்தில். அதை எட்டிய பிறகு "இதர" எண்ணில் வாங்குவது மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது, யாரையும் திட்ட வேண்டியிருக்கவில்லை.

உங்கள் நிறுவனத்தில் தொடங்க வேண்டும் என்றால் பேரிங்கிலிருந்து தொடங்குங்கள். அளவுகள் உலகம் முழுக்க ஒன்று, பார்ட் நம்பர் உறை மேலேயே இருக்கிறது, பெல்ட், ஆயில் சீல் போன்றவற்றுக்கு அடுத்து அதே முறை பொருந்தும். எல்லா ஆலையின் பட்டியலையும் ஒரே ஷீட்டில் இறக்கி, 6205 என்ற எண்ணையும் 25x52x15 என்ற அளவையும் வடிகட்டிப் பாருங்கள். எத்தனை வரி வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து போங்கள்.